உன் எண்ணில் இருப்பது இன்னொருத்தி கை

கதிர்,

போனில் சொன்னால் நடுவில் நீ பேசுவாய். நேரில் சொன்னால் உன் அப்பா நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வார். அதனால்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. ஒளித்து வைக்க வேண்டிய கடிதம் இல்லை இது. நானே நாலு பேருக்குப் படிக்கக் கொடுக்கப் போகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பேராவூரணியிலிருந்து உன் மாமனார் வந்திருந்தார். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவரை மாமனார் என்று எழுதக் கூடாதுதான், இருந்தாலும் வேறு என்ன சொல்வது. தட்டு நிறையப் பழம், சொந்தத் தோப்புத் தேங்காய், நடுவில் பளபளவென்று ஒரு அழைப்பிதழ். கல்யாண அழைப்பிதழ் இல்லை. கல்யாணம் முடிந்த மறு வாரம் உனக்காகத் திறக்கப்போகிற ஆஸ்பத்திரியின் அழைப்பிதழ். "லேப்ராஸ்கோப்பி நிபுணர்" என்று, அதாவது சின்னத் துளை போட்டுக் கேமரா வழியாக ஆபரேஷன் செய்கிறவன் என்று, உன் பெயருக்குக் கீழே தங்க எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். காப்பி குடித்து முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார். "சம்பந்தியம்மா, ஒரு சின்ன ஆசை. உங்களுக்குப் பித்தப்பையில கல்லு இருக்குன்னு சம்பந்தி சொன்னாரு. மொத ஆபரேஷன் உங்களுக்கே வச்சுருவோம். பெத்த தாய்க்கு மகன் கையால. பேனர்ல போட்டோம்னு வைங்க, இந்தப் பக்கத்துலேருந்து பட்டுக்கோட்டைக்கு ஒருத்தன் போமாட்டான்." உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முகமெல்லாம் சிரிப்பாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பேனரில் என் எந்தப் புகைப்படத்தைப் போடுவது என்றுகூட இரண்டு பேரும் பேசி முடித்திருந்தார்கள்.

எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பித்தப்பையில் கல் இருந்தால் குமட்டல் இருக்கும் என்று நீ உடனே சொல்வாய். கல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் முப்பது வருஷத்துக்கு மேலாக வயிற்றைத் திறந்து மூடியவள், சீழுக்கும் நாற்றத்துக்கும் முகம் சுளித்தது கிடையாது. நேற்று சுளித்தேன். அந்த மனிதர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தேங்காய் விற்கிறவர், நீ காட்டிய சான்றிதழை நம்பிக் கட்டடம் எழுப்பியிருக்கிறார். அந்தச் சான்றிதழில் இருப்பது உன் கை இல்லை என்பது அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். போன வாரத்திலிருந்து எனக்கும் தெரியும்.

அந்தச் சான்றிதழைக் கொடுக்கிற பயிற்சிக் கூடத்தை எதற்காக நான் எங்கள் மருத்துவக் கல்லூரியோடு மல்லுக்கட்டி வாங்கினேன் என்று உனக்கு ஒருபோதும் ஒழுங்காகச் சொன்னதில்லை. நான் படித்த காலத்தில் ஒரு டாக்டரின் கை நல்ல கையா இல்லையா என்பதைப் பெரிய டாக்டர்தான் சொல்வார். எப்படிச் சொல்வார் தெரியுமா? அன்றைக்கு அவருக்கு என்ன மனநிலை, நீ யார் வீட்டுப் பிள்ளை, அவர் பையை யார் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தது, இதையெல்லாம் வைத்துத்தான். என்னுடைய சீஃப் நான் கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்னாலேயே "பொம்பளக் கை, பிரசவத்துக்கு வேணா ஆகும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவர். அவருக்குப் பின்னாலேயே சிரித்துக்கொண்டு போன கூட்டத்தில் நடுங்கிய கைகள் எத்தனையோ இருந்தன. அத்தனையும் நல்ல கை என்று பெயர் வாங்கின. அந்தக் கைகளுக்குக் கீழே படுத்தவர்கள் யாரும் வந்து சாட்சி சொல்லவில்லை.

அதனால்தான் எனக்கு அந்த மெஷின் பிடித்தது. ஒரு பெட்டி, அதற்குள் ரப்பரில் செய்த குடல், மேலே கேமரா. கருவிகளின் நுனியிலும் கையுறையின் முதுகிலும் பொட்டு மாதிரி சென்சார்கள். நீ தைக்கத் தைக்க, கருவி நுனி எவ்வளவு தூரம் வீணாக அலைந்தது, கை எங்கே நடுங்கியது, திசுவை எவ்வளவு அழுத்தி இழுத்தாய் என்று இடது கைக்கு ஒரு கோடு, வலது கைக்கு ஒரு கோடாக அது எழுதிக்கொண்டே வரும். அதற்கு உன் அப்பாவைத் தெரியாது, உன் சாதி தெரியாது, நீ யாருக்கு வணக்கம் வைத்தாய் என்று தெரியாது. பெயரே கூடாது, எண்தான் என்று நான்தான் சட்டம் போட்டேன். நான் பேராசிரியராக இருக்கிற அறுவைப் பிரிவில் நீ படிக்கச் சேர்ந்த வருஷம் மதிப்பீட்டின் பக்கமே நான் போகக் கூடாது என்று விலகி நின்று, எல்லாவற்றையும் உதவிப் பேராசிரியர் சேகரிடம் ஒப்படைத்தேன். அம்மா மார்க் போட்டாள் என்று நாளைக்கு உன்னை யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக.

போன வாரம் புது மாணவர்களுக்குக் காட்டுவதற்கு ஒரு நல்ல தையல் வேண்டியிருந்தது. பழைய பதிவுகளில் இருப்பதிலேயே சிறந்தது எதுவோ அதை எடுங்கள் என்று கூடத்தைப் பார்த்துக்கொள்கிற பிரபுவிடம் சொன்னேன். திரையில் போட்டார். கதிர், நான் எத்தனையோ கை பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஊசி போகிற இடம் அதற்கே தெரிந்த மாதிரி போகிறது. அழுத்தக் கோடு தரையோடு தரையாக ஊர்கிறது. நூல் ஒரு தடவை நழுவுகிறது, கை நிற்கிறது, மூச்சு விடுகிற நேரம் காத்திருக்கிறது, திரும்ப எடுக்கிறது. "யாருங்க இது, இந்தக் கைக்குக் கும்பிடு போடணும்போல இருக்கே" என்றேன். பிரபு பெருமையாகச் சிரித்துக்கொண்டே, "நம்ம கதிர் தம்பிதான் மேடம். எண்ண வச்சுப் பாத்துட்டேன்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்து என்ன ஆகப்போகிறது. புடவைத் தலைப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தரம் போடுங்கள் என்று சொல்லி, என் பிள்ளையின் கையைப் பார்க்கப்போகிறோம் என்று ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இரண்டாவது தடவைதான் கவனித்தேன். ஊசியைப் பிடித்திருந்தது இடது கை. நீ சாப்பிடுவது, எழுதுவது, பேட் பிடிப்பது, பல் தேய்ப்பது எல்லாம் வலது கையில். உன்னைப் பெற்றவளுக்கு இதைச் சொல்ல மெஷின் தேவையில்லை. உங்கள் வகுப்பில் இடது கையால் ஊசி பிடித்தது ஒரே ஒரு ஆள்தான். அதிராம்பட்டினத்துப் பெண் நிலோஃபர்.

சேகரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறுக்கவே இல்லை, அதுதான் கொடுமை. எனக்கு ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்டு அதைச் சொல்லாமலேயே இருந்த நல்ல மனிதரைப் போலக் கூச்சத்தோடு நெளிந்தார். "மேடம், தம்பி ரெண்டு தடவ பண்ணுச்சு. ரெண்டுலயும் அழுத்தம் மட்டும் கொஞ்சம் மேல போயிருச்சு. தேறலன்னு எப்படி மேடம் எழுதுறது? அதான் பிரபுகிட்ட சொல்லி வேற ஒரு பதிவ தம்பி எண்ணுக்கு மாத்தி வச்சோம்." சரி, மாற்றியதுதான் மாற்றினீர்கள், ஏன் இருப்பதிலேயே சிறந்ததை எடுத்தீர்கள், வலது கைக்காரன் ஒருவனின் சுமாரான பதிவை வைத்திருந்தால் நான் கடைசிவரை கண்டுபிடித்திருக்க மாட்டேனே என்று கேட்டேன். அவர் நிஜமாகவே திகைத்துப் போனார். "உங்க பையனுக்குப் போய் சுமாரா வைக்கிறதா? மரியாதையா இருக்காதுல்ல மேடம்?"

கேட்டாயா? திருடுவதிலும் எனக்கு மரியாதை செய்திருக்கிறார்கள். திரையில் எந்தக் கை அசைகிறது என்று பார்க்கக்கூட அவர்களுக்குத் தோன்றவில்லை, என் பதவிக்குப் பொருத்தமான மார்க் எது என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம், உன் பதிவு மெஷினில் ஏறவில்லை, இன்னொரு தரம் செய் என்று பொய் சொல்லியிருக்கிறார்கள். வார்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவள், சோர்ந்த கையோடு மறுபடி செய்து, சுமாரான மதிப்பெண் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். இப்போதும் இதே கல்லூரியில் யாருக்கோ உதவிக்கு நிற்கிறாள். அவள் கைக்குக் கிடைத்த சான்றிதழ் பேராவூரணியில் சட்டம் போட்டு மாட்டுவதற்குத் தயாராக இருக்கிறது. சேகர் அறையை விட்டுப் போன பிறகு நான் போய்க் கை கழுவினேன். எதற்குக் கழுவினேன் என்று தெரியவில்லை, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன்.

உன்னுடைய நிஜமான இரண்டு பதிவுகளையும் அப்புறம் பார்த்தேன். அழிக்காமல்தான் வைத்திருந்தார்கள். நீ மோசமான கைக்காரன் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு தையல் நன்றாகவே போகிறது. மூன்றாவதில் நூல் நழுவுகிறது. அங்கே அவள் நின்றாள் என்று சொன்னேனே, நீ நிற்கவில்லை. வெடுக்கென்று இழுக்கிறாய். அழுத்தக் கோடு செங்குத்தாக ஏறுகிறது. ரப்பர் கிழிகிறது. அதோடு விட்டிருந்தாலும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன், எல்லோரும் கிழித்துத்தான் பழகினோம். நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா? கிழிசல் தெரியாமல் அதற்கு மேலேயே இன்னொரு தையல் போட்டு மூடினாய். கேமரா பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தும் மூடினாய். எனக்கு அருவருப்பின் உச்சம் அந்த இடம்தான். ஒரு வயிற்றுக்குள், பித்தக்குழாய்க்குப் பக்கத்தில், அதே வெடுக்கும் அதே மூடலும் நடந்தால் என்ன ஆகும் என்று நான் உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்வில் அந்தக் கேள்விக்கு நீ அழகாகப் பதில் எழுதியிருப்பாய்.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். பயந்துபோவாய், அழுவாய், என்னம்மா செய்வது என்று கேட்பாய் என்றெல்லாம் நினைத்துக்கொண்டுதான் செய்தேன். நீ சிரித்தாய். "அது ரப்பரும்மா. ரப்பர் குடலுக்குப் போய் இவ்வளவு அலட்டிக்கிறியே. நெஜ பேஷண்ட்டுன்னா நான் வேற மாதிரி பண்ணுவேன். எல்லா காலேஜ்லயும் நடக்குறதுதான், உனக்கு அந்த மெஷின் மேல பைத்தியம்." எந்த நிஜ நோயாளி, கதிர்? சென்னையில் பெரிய டாக்டர்கள் ஆபரேஷன் செய்யும்போது நீ பக்கத்தில் கேமரா பிடித்துக்கொண்டு நிற்கிறாய், இன்னும் ஒருவரைக்கூடத் தனியாகச் செய்ததில்லை. ரப்பரிடம் பொறுமை இல்லாதவனுக்கு ரத்தம் வருகிற இடத்தில் மட்டும் பொறுமை எங்கிருந்து வரும்? ரப்பரில் கிழிந்தால் வேறு ரப்பர் போடலாம், அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறோம். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்புதான் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சிரிப்பு உன்னுடையது இல்லை, உன் அப்பாவுடையது.

நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஒரு தை மாதம், மழை விட்டும் விடாமலும் அறுத்த சம்பா நெல்லை அப்பா கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். நீயும் கூடப் போயிருந்தாய். ஈரப்பதம் பார்க்கிற கருவியில் நம் நெல்லை எப்படிப் போட்டாலும் தேறாது, கையில் எடுத்தாலே ஈரம். அங்கிருந்த ஆள் "டாக்டரம்மா வீட்டு நெல்லா" என்று கேட்டுவிட்டு, பக்கத்துக் குவியலிலிருந்து காய்ந்த நெல்லை ஒரு கை அள்ளிக் கருவிக்குள் போட்டாராம். அந்தக் குவியல் நாலு நாளாகத் தார்ப்பாய் விரித்துக் காயவைத்துக்கொண்டு, வரிசையில் காத்திருந்த ஒரு குத்தகைக்காரருடையது. நம் நெல் உள்ளே போயிற்று, அவர் நெல் மறுபடி மழையில் நனைந்தது. வீட்டுக்கு வந்து இதை நீங்கள் இரண்டு பேரும் என்ன சிரிப்புச் சிரித்தீர்கள்! நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அப்பாவோடு சண்டை போட்டேன், ஒரு வாரம் பேசவில்லை. உனக்கு நினைவில் நின்றது என் சண்டை இல்லைபோலிருக்கிறது.

இன்னொன்றும் எனக்கு நினைவிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு எரிச்சல். ஒரு நாள் வயலில் அப்பா காலில் கருவேல முள் ஏறி, உள்ளேயே ஒடிந்துவிட்டது. நான் டியூட்டியில் இருந்தேன். நீ ஊக்கைத் தீக்குச்சியில் காட்டி, ஆறவைத்து, வரப்பில் உட்கார்ந்து அவர் காலை மடியில் வைத்துக்கொண்டு எடுத்திருக்கிறாய். கொஞ்சமும் வலி தாங்காத மனிதர், ஒரு வார்த்தை கத்தவில்லை என்று அவரே சொன்னார். நான் வந்து பார்த்தபோது காலில் ஊக்குக் கீறல்கூட இல்லை, முள் போன பாதையிலேயே திரும்பி வந்திருந்தது. அப்போது உனக்கு யாரும் மார்க் போடவில்லை, யாரும் உன்னை டாக்டர் என்று கூப்பிடவுமில்லை. வலிக்கிற ஒரு காலை மட்டும் பார்த்துக்கொண்டு வேலை செய்தாய். அந்தக் கை உன்னிடம் இருக்கிறது. அதைப் பழக்க வேண்டிய வருஷத்தில் இந்தக் கும்பிடு போடுகிற கூட்டம் உன்னைப் பழகவிடாமல் செய்துவிட்டது, நீயும் சந்தோஷமாக விட்டுக்கொடுத்தாய். மேடம் பையன் என்று யாராவது உனக்காக நாற்காலியை இழுத்துப் போட்டால், அதில் உட்காராதே என்று நான் சின்ன வயதிலேயே அடித்துச் சொல்லியிருக்கலாம்.

நேற்று சம்பந்தி போன பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் கொஞ்சம் முகம் மாறியது. அப்புறம் வழக்கமான பேச்சுதான். "ஊர்ல எவன் பண்ணல? கல்யாணத்த வச்சுக்கிட்டு இப்பப் போயி இதக் கிண்டுறியே. உனக்கு அவன் கையில படுக்க பயமா இருந்தா படுக்காத. சுகர் இருக்கு, பிரஷர் இருக்குன்னு ஏதாவது சொல்லிக்கலாம். பேனர எடுத்துரச் சொல்றேன். அதோட விடு." உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நான் அந்த மேசையில் படுக்க வேண்டாம், என் கல்லை நான் வேறு எங்காவது பார்த்துக்கொள்ளலாம், உன் கல்யாணமும் கலையாது. ராத்திரி அந்த நினைப்பிலேயே தூங்கிவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் நிலோஃபரைப் பார்க்கப் போனேன். அவளிடம் உண்மையைச் சொல்ல வேண்டியது என் கடமை, அதைச் செய்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு அவளைத் தெரியும், ஆனால் இது தெரியாது. எட்டாம் வகுப்பு வரை இடது கையில் எழுதினால் அடி, வீட்டில் இடது கையால் ஒரு சாமானை நீட்டினால் திட்டு. இங்கே வந்த பிறகும் தியேட்டரில் பெரியவர்கள் "அந்தக் கைய எடு, பார்க்கவே சகிக்கல" என்று சொல்வார்களாம். "மெஷின் மட்டும்தான் மேடம் எந்தக் கைன்னு மொகம் சுளிக்கல. அன்னைக்கு நல்லா வந்துச்சுன்னு எனக்கே தெரிஞ்சுச்சு. பதிவாகலன்னு சொன்னதும், சரி, நம்ம நேரம்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள். சொல்லும்போது அழவில்லை.

அவளிடம், நீ கவலைப்படாதே, உன் பதிவை உன் எண்ணுக்கே மாற்றிவிடுகிறேன், அவன் கையில் நான்கூடப் படுக்கப்போவதில்லை என்று ஏதோ பெரிய தியாகம் மாதிரிச் சொன்னேன். அதுவரை தலை குனிந்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு அவரு மகன் மேடம். அதான் பயப்படணும்னு உங்களுக்குத் தெரியுது. அங்க வந்து படுக்கப்போறவங்களுக்கு அவரு டாக்டரு. அவங்களுக்கு யாரு மேடம் சொல்லுவா?" இவ்வளவுதான் கேட்டாள். உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள். நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு எதிரே தென்னங்கீற்று முடைகிற ஊர்ப்பக்கத்துப் பெண் ஒருத்தி, ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, வருகிற போகிற வெள்ளைக் கோட்டுக்காரர்களையெல்லாம் எழுந்து நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தாள். யார் கை எப்படி என்று அவளுக்கு என்ன தெரியும்? நான் மட்டும் தப்பித்துக்கொண்டு அவளை உன்னிடம் அனுப்புவதாகத்தான் இருந்தேன். சேகர் மேல் வந்த அருவருப்பு அந்த பெஞ்சில் என் மேலேயே வந்தது.

அதனால் கேள். நீ இதைப் படிக்கிற நேரத்தில் கல்லூரி முதல்வரிடம் எல்லாப் பதிவுகளும் போய்ச் சேர்ந்திருக்கும். உன் இரண்டும், அவளுடைய இரண்டும், எது யாருடைய கை என்ற என் கையெழுத்தோடு. உன் சான்றிதழ் செல்லாது. அவளுக்குரியது அவளுக்குப் போகும். கூடத்தின் பொறுப்பிலிருந்து நான் விலகிவிட்டேன், வெளியூரிலிருந்து ஒருவர் வந்து எடுத்துக்கொள்வார். சேகரையும் பிரபுவையும் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது, அவர்களுக்காகப் பரிந்து பேசப்போவதும் இல்லை. இதைக் கேட்டதும் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், மத்தியானம் சாப்பிட மட்டும் வந்தார்.

உன் மாமனாரிடம் நான் சொல்லமாட்டேன். அது உன் வேலை. அதற்கு முன்னால் நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண்ணிடம் சொல், உன் கழுத்து மாலையைப் பார்த்து அவள் தலை குனிவதற்கு முன்னால். நாசூக்காகச் சொல்கிறேன் என்று சுற்றி வளைக்காதே. தேறவில்லை, தேறியதாகக் காட்டினேன், மறுபடி பழகப்போகிறேன் என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிடு. அவர்கள் கல்யாணத்தை நிறுத்தினால் நிறுத்தட்டும். நிறுத்தாவிட்டால் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்பேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஆஸ்பத்திரியையும் திறக்கட்டும், காய்ச்சல், இருமல் பார், கட்டுப்போடு, யார் வேண்டாம் என்றார்கள்? தங்க எழுத்து மட்டும் வேண்டாம். அந்த பேனரை அடிக்கக் கொடுத்திருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்.

அப்புறம் கூடத்துக்கு வா. எல்லோரையும் போல வரிசையில் நின்று புது எண் எடு. ரப்பர் கிழியட்டும், எத்தனை தடவை வேண்டுமானாலும் கிழியட்டும். கிழிந்தால் கிழிந்தது என்று சத்தமாகச் சொல். நூல் நழுவினால் கருவியைத் திறந்து, கையை இறக்கி, நின்று பழகு. அழுத்தக் கோடு மேலே ஏறும்போது அதைப் பார்க்க வெட்கப்பட்டுக் கண்ணைத் திருப்பாதே, அது உன்னைத் திட்டவில்லை, நீ என்ன செய்கிறாய் என்று சொல்கிறது. உன்னைச் சுற்றி இருக்கிறவர்களில் அதைச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை என்பதை இப்போதாவது புரிந்துகொள். முடிந்தால் நிலோஃபரிடம் கேள், நூல் நழுவுகிற இடத்தில் எப்படி நிற்கிறாய் என்று. அவள் சொல்லித்தருவாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லித்தராவிட்டாலும் உனக்குக் கோபம் வரக் கூடாது.

உன் மேல் எனக்கு இருக்கிற அருவருப்பு இன்னும் போகவில்லை. இந்தக் கடிதத்தை எழுதினால் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. எப்போது போகும் என்றும் தெரியவில்லை. என் கல்லுக்கு ஒன்றும் அவசரமில்லை, ஸ்கேன் பார்த்தவர் சில மாதம் பொறுக்கலாம் என்றுதான் சொன்னார். பொறுக்கிறேன். ஆபரேஷன் எப்போது என்று யார் யாரோ கேட்கிறார்கள், வேறு எந்த டாக்டரிடமும் தேதி வாங்கவில்லை. என்றைக்காவது அந்த மெஷின், நீ யார் என்று தெரியாமலேயே, உன் வலது கையைப் பார்த்துத் தேறிவிட்டாய் என்று சொன்னால் எனக்குப் போன் செய். மதிப்பெண்ணெல்லாம் சொல்ல வேண்டாம். தேதி மட்டும் சொல். முந்தின நாள் ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து படுக்கிறேன்.

அம்மா